குதிரைக்கு ஞாயிறு லீவு

அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் அந்தக் குதிரை குறுக்கே வந்து நின்றுவிடும். குதிரை வந்துவிட்டால் அப்புறம் எனக்கு வருவதெல்லாம் எரிச்சல்தான். அவர் போய் இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் மெனக்கெடவில்லை.

அப்பா மெட்ராஸில் லாரி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். சேசிஸ் லைன் என்பார். லாரியின் வெறும் எலும்புக்கூடு நகர்ந்து வர, அதில் அச்சையும் வில்லுப் பட்டையையும் பூட்டி அடுத்த ஆளுக்கு அனுப்புகிற வேலை. அம்மாவும் நானும் ஓசூருக்குப் பக்கத்தில் அப்பாவின் பூர்வீக வீட்டில் இருந்தோம். மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை பஸ் பிடித்து ஞாயிறு காலையில் வந்து இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடுவார். எனக்கு அப்பா என்றால் வெகுகாலம் ஒரு குறட்டைச் சத்தம்தான்.

அவர் வரும் ஞாயிறுகளில் அம்மா கோயிலுக்குப் போகமாட்டாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசை காணாமல் இருப்பது பாவம். அந்தப் பாவத்தை அம்மா மாதம் தவறாமல் செய்தாள், மாதம் தவறாமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள், மறுமாதமும் செய்தாள். கேட்டால், "மனுசன் மாசத்துக்கு ஒரு நாளு வர்றாரு. அடுப்பெ வுட்டுட்டு நான் எங்கெ போவறது" என்பாள். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் இதை வைத்துத்தான் நான் அப்பாவிடம் சண்டை போட்டேன்.

குதிரைப் பைத்தியம் அவருக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்து மத்திகிரியில் பட்டாளத்துக்காகக் குதிரை வளர்த்தார்கள். அப்பாவின் அப்பா அங்கே புல் அறுத்துப் போட்டவர். புல்லோடு பிள்ளையும் போயிருக்கிறது. மெட்ராஸில் இருந்த காலத்தில் லீவு கிடைத்தால் கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவாராம். ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. பந்தயத்தையே முழுதாகப் பார்த்ததில்லை. ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டுவார்களே, அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாராம். ஊருக்குள் இந்தச் செய்தி வந்தபோது சூதாடுகிறார் என்றே வந்தது. அம்மா கொஞ்ச நாள் அழுதாள். உண்மை தெரிந்த பிறகு, சூதாடியிருந்தாலும் ஒரு கணக்கில் சேரும், இது எதில் சேர்த்தி என்று கேட்டாள்.

ஓய்வு பெற்று நிரந்தரமாக வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி. சாதாரண வலியில்லை. வலது முட்டி வீங்கி, வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கோயில் மூன்று மைல். பஸ் வருவதற்குள் பூசை முடிந்துவிடும். பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் ஒரு தடவை போய் வந்தாள். அந்த வண்டி போட்ட தூக்கலில் ஒரு வாரம் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அதோடு ஞாயிறு பூசை நின்றுபோனது.

அது லத்தீனில் நடந்துகொண்டிருந்த பூசை தமிழுக்கு மாறியிருந்த சமயம். ஆயுசு முழுக்க என்னவென்றே தெரியாத பாஷைக்கு மண்டியிட்டவள் அவள். "சாமியாரு இப்ப நம்ம மூஞ்செ பாத்து நம்ம பேச்சுல பேசறாராம். எனக்கு வெளங்கற காலம் வந்தப்ப முட்டி போயிடுச்சு" என்று சொல்லி முட்டியைத் தடவிக்கொள்வாள். சாமியார் நல்லவர். பூசையில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். "நான் என்ன சாகக் கெடக்கறனா" என்று அம்மா மறுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கோயிலில், கூட்டத்தோடு உட்கார்ந்து, தமிழில் ஒரு ஞாயிறு பூசை. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் கலப்பைக்கொழு வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போன அப்பா குதிரையோடு திரும்பினார். பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாய் தொழிலை விட்டுவிட்டாராம். செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. அங்கிருந்து ஓசூர் வரைக்கும் அதைக் கையில் பிடித்து நடத்தியே கூட்டி வந்திருந்தார். ஏறி உட்காரவில்லை. ஏன் என்றால், "புது வண்டியெ மொத நாளே லோடு ஏத்துவாங்களா?" என்றார். கால் இரண்டும் கொப்புளித்திருந்தன. வெந்நீர் வைத்துக் கொடுத்தபோது முதலில் அதன் காலைக் கழுவப் போனார்.

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். "சின்ன வூட்டெ இங்கியே கூட்டியாந்துட்டாரா. நல்லது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் குதிரைக்குப் பெயர் சின்ன வீடு. ரசத்துக்கு வைத்திருந்த கொள்ளு சின்ன வீட்டுக்குப் போனது. கூரைக்கு வாங்கிய ஓட்டில் பாதி சின்ன வீட்டுக்குப் போனது.

காலையில் எழுந்ததும் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பார். என்ஜின் சத்தம் பார்க்கிறாராம். நாலு குளம்பையும் தூக்கித் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார். டீ டைம் என்று சொல்லி வெல்லம் கொடுப்பார். அது அவருடைய தோளில் தாடையை வைத்து நிற்கும். எங்கள் இருவரிடமும் ஒரு நாளில் பேசாத பேச்சை அதனிடம் ஒரு மணி நேரத்தில் பேசிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அடுத்து அவர் செய்த காரியத்தில் நானே கொஞ்சம் அசந்துபோனேன். ஓசூரில் பழைய இரும்புக் கடையில் ஜீப்பின் அச்சு ஒன்றைத் தேடிப் பிடித்தார். லாரியின் வில்லுப் பட்டையில் இரண்டை வெட்டி வளைத்தார். காற்றடித்த டயர் போட்டு ஒரு வண்டி கட்டினார். பின்பக்கம் தாழ்வாக ஒரு படி. உட்காரும் இடத்தில் கயிற்று மெத்தை. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, ஊர்க்கோடி வரை ஓட்டித் திரும்பி வந்து, தம்ளரை அம்மாவிடம் காட்டினார். தண்ணீர் தளும்பியிருக்கவில்லை.

"உன் முட்டிக்குத்தான் இதெ கட்டினது" என்றார்.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

ஞாயிறு வந்தது. அம்மா குளித்து, உடுத்து, முக்காட்டைச் சரிசெய்து, ஜெபமாலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா கயிற்றுக்கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். குதிரை புளிய மரத்தடியில் நின்றிருந்தது. நேரமாகிறதே அப்பா என்றேன்.

"இன்னிக்கி அதுக்கு வீக்லி ஆஃப்" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. திங்களிலிருந்து சனி வரை டூட்டி, ஞாயிறு லீவு. அந்த லீவுக்காக அவரே ஸ்டிரைக் பண்ணி, கம்பெனி கேட்டில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாராம். வாய் பேசாத ஜீவன் என்பதற்காக அதை ஏமாற்ற முடியாதாம். சரி, வேறு கிழமையில் லீவு கொடுங்கள், செவ்வாய்க்கிழமை கொடுங்கள் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"அது கம்பெனிக்காரன் புத்தி. எனக்கும் மொதல்ல செவ்வாக்கெழமெதான் ஆஃப் குடுத்தான். ஊரே வேலைக்குப் போவும், நான் மட்டும் ரூம்ல செவுத்தெ பாத்துகினு உக்காந்திருப்பேன். எல்லாருக்கும் லீவு இருக்கசொல்ல இருந்தாத்தான் அது லீவு."

குதிரைக்கு எந்தக் கிழமையும் தெரியாதே என்றேன். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிருந்தது.

அவர் கல்மனசுக்காரர் என்றால்கூடத் தேவலை, ஒரேயடியாக வெறுத்துவிடலாம். புதன்கிழமை வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, "வா, கோயிலுக்குப் போலாம்" என்றார். அம்மா போனாள். பூட்டிய கோயிலை உபதேசியார் வந்து திறந்துவிட்டார். ஆள் இல்லாத கோயிலில் அம்மா சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். "சாமி இருந்தாரு. சனம்தான் இல்ல" என்றாள். முட்டி வலித்ததா என்று அப்பா ஆர்வமாகக் கேட்டார். வண்டியைப் பற்றிக் கேட்கிறார், பூசையைப் பற்றி இல்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு நானே துணிந்தேன். அப்பா தூங்கும்போது சேணத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். குதிரை படுத்துக்கிடந்தது. தட்டினேன், வெல்லம் காட்டினேன், கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வெல்லத்தை மட்டும் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. வந்து சில மாதங்களே ஆகியிருந்தன, அதற்குள் அதுவும் யூனியனில் சேர்ந்துவிட்டது.

அன்றுதான் வாய்விட்டுச் சண்டை போட்டேன். மாதாமாதம் நீங்கள் வந்து குறட்டை விட்ட ஞாயிறுகளில் அம்மா பூசையை விட்டுவிட்டு உங்களுக்குக் கறி வைத்தாளே, உங்கள் லீவுக்காக அவள் விட்டதை யார் கணக்கு வைத்தார்கள் என்று கேட்டேன். அப்பா வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குதிரைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

தவக்காலம் வந்தது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னால் வரும் அந்த நாட்களில் நாங்கள் ஒவ்வொருவரும் எதையாவது விட்டுவிடுவது வழக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை விடுவார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் உங்கப்பன்கூட பேச்செ வுட்டுட்டேன். ஆண்டவருக்கு நேந்துகினது, மாத்த முடியாது" என்றாள். சொன்னபடியே இருந்தாள். சாப்பாடு வைப்பாள், வேஷ்டி துவைத்துப் போடுவாள், வார்த்தை மட்டும் கிடையாது. "குழம்பு போதுமான்னு கேளு" என்பாள் என்னிடம். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "போதும்ன்னு சொல்லு" என்பார் அவரும். இடையில் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வந்து வீட்டில் இந்தத் தபால்காரி வேலையும் பார்த்தேன். பெரிய வெள்ளிக்குள் எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

பெரிய சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வெள்ளைச் சேலையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு அழுதாள். பாஸ்கு எந்த வருஷமும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். அப்பா வாசலில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்காமல் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் விடிந்து வெளியே வந்தால், வண்டி துடைத்து நிறுத்தியிருந்தது. அப்பா கம்பெனிக் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, குதிரை நிற்க வேண்டிய இடத்தில் தான் நின்றிருந்தார். ஏர்க்கால் இரண்டும் அவருடைய இரண்டு கைகளில். குதிரை வழக்கம்போல் புளிய மரத்தடியில்.

"ஏறச் சொல்லு" என்றார் என்னிடம்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தவக்காலம் முடிந்துவிட்டது. "நீங்க என்ன மாடா?" என்று நேராகவே கேட்டாள்.

"எனக்கு ஓவர்டைம் பழக்கம்தான். ஏறு."

"சனம் சிரிக்கும்."

"அவங்களுக்கும் லீவுதானே. சிரிச்சுட்டுப் போவட்டும்."

அம்மா ஏறினாள். நான் பின்னால் தள்ளினேன். வேறென்ன செய்வது? ஊரைத் தாண்டுவதற்குள் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "ஏமய்யா, குர்ரம் ஏமாயே?" என்று கேட்டார். குதிரைக்கு என்ன ஆச்சு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்று அப்பா பதில் சொன்னார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கால் மைல் போயிருப்போம். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் குதிரை. தனியாக இருக்கப் பிடிக்காமல் முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கயிறு தரையில் இழுபட, வழியில் கிடைத்த புல்லைக் கடித்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு போகிற மைனர்போல் வந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. எப்படியும் அது மூன்று மைல் நடக்கத்தானே போகிறது, பூட்டிவிடலாம் அப்பா என்று கெஞ்சினேன்.

"அது லீவுல அதும்பாட்டுக்கு நடக்குது. நடக்கறது வேற, இழுக்கறது வேற" என்றார் மூச்சு வாங்க.

கோயிலுக்கு முன்னால் ஒரு ஏற்றம் உண்டு. அங்கே பாரம் முழுவதும் என் தோளுக்கு வந்துவிட்டது. அப்பாவைத் திட்டினேன், குதிரையைத் திட்டினேன், அந்த ஏற்றத்தையும் திட்டினேன். வண்டிக்குள் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நடு நடுவே, "மெதுவா, மெதுவா, நெஞ்செ புடிச்சுக்கப் போவுது" என்று அவரைத் திட்டினாள். ஒரு தவக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு.

பூசை பாதியில் போய்ச் சேர்ந்தோம். மீதிப் பாதியை அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். சாமியார் தமிழில் சொல்லச் சொல்ல, சனங்கள் தமிழில் பதில் சொன்னார்கள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. உதடு மட்டும் கூடவே அசைந்தது. அப்பா உள்ளே வரவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். குதிரை அவருடைய தலைத்துண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் இதே கூத்துதான். முதலில் சிரித்த ஊர், பிறகு நேரம் பார்க்க எங்களைப் பயன்படுத்தியது. கோடையில் தள்ளினேன், மழையில் சேற்றில் தள்ளினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கை தூக்க முடியாது. அம்மா மட்டும் பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டாள். வண்டியில் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அப்பா சாமியார் மாதிரி முதல் வரியை எடுத்துக் கொடுப்பார். உள்ளே வராத மனுஷனுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறேன். படியில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறார்.

இரண்டாவது வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், குதிரைக்குக் கொள்ளு வைத்துவிட்டுக் கொட்டகையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். டீ கொண்டுபோனபோது போயிருந்தார். குதிரை கொள்ளைத் தொடாமல் நின்றிருந்தது.

ஞாயிறு பூசைக்குப் பின் அடக்கம் என்று சாமியார் சொல்லிவிட்டார். கோயிலுக்குப் பக்கத்தில்தான் கல்லறை. மூன்று மைல் பெட்டியைத் தோளில் சுமப்பது சிரமம், அவர் கட்டிய வண்டி இருக்கிறதே என்று எல்லாரும் சொன்னார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றினோம். தெலுங்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குதிரையைப் பிடித்து வந்து சேணத்தைத் தூக்கினார்.

கதவைப் பிடித்து நின்றிருந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அதெ எறக்கு" என்றாள். "இன்னிக்கி ஞாயித்துக்கெழமெ. அதுக்கு லீவு."

நான் அவளைப் பார்த்தேன். இவள்தானே அந்த லீவோடு ஒரு தவக்காலம் முழுக்க மல்லுக்கு நின்றவள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா, இன்றைக்காவது என்று ஆரம்பித்தேன். அவள் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தாழ்ந்த படியில் கால் வைத்து ஏறி, தான் எப்போதும் உட்காரும் இடத்தில், பெட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆம்பிளைகள் நாலு பேர் முன்னால் போய் ஏர்க்காலைப் பிடித்தார்கள். பின்னால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் இடத்துக்கு நான் போய்விட்டேன்.

வழியெல்லாம் அம்மா பூசையின் பதில்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்தினாள், யாரோ முதல் வரியை எடுத்துக் கொடுப்பதற்கு இடம் விடுவதுபோல். பின்னால் குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அது புல்லில் வாய் வைக்கவில்லை. ஏற்றம் வந்தது. பாரம் வழக்கம்போல் என் தோளில் இறங்கியது. செத்தும் என்னைத் தள்ள வைக்கிறீர்களே அப்பா என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே தள்ளினேன். வண்டி ஒரு தூக்கல்கூடப் போடாமல் ஏறியது.